நூறு மீட்டர் பொய்

“கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் செத்துட்டாங்க. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி வானத்துல சுத்திக்கினு கீது. நல்ல கேஸு மேடம்” என்று மண்ணாங்கட்டி முணுமுணுத்தான். ஆனால் தேரடித் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், பத்துக்குப் பத்து அறையில் நடக்கும் ‘கலா துப்பறியும் நிலைய’த்தில் முணுமுணுப்பு என்று ஒன்று கிடையாது. எதிர் நாற்காலியில் இருந்த சரவணகுமாருக்கு அது நன்றாகவே கேட்டது.

சரவணகுமார் கோபித்துக்கொள்ளவில்லை. ஆகாய ஜோதி தியான பீடத்தின் செயலாளருக்குக் கோபம் வந்தால் கண்ணை மூடி மூன்று தடவை மூச்சு விட வேண்டும் என்பது பீடத்து விதி. விட்டார். மூன்றாவது மூச்சு கொஞ்சம் சூடாக வந்தது.

“மேடம், விஷயம் ரொம்ப சிம்பிள். அடி அண்ணாமலைல ஆதிமூலம்னு ஒரு விவசாயி. தன்னோட அறுபது சென்ட் நிலத்தைப் பீடத்துக்குத் தர்றதா எழுதிக் குடுத்தார். தொண்ணூத்தொம்பது, நவம்பர் பதினாலு. சாட்சி ஹென்ட்ரிக் சாமி, ஹாலந்துக்காரர். அவரே நாலு மூலையையும் சாட்டிலைட் மெஷின்ல அளந்து பத்திரத்துல நம்பர் போட்டார். தீபம் முடிஞ்சு பத்தாம் நாள் அவர் ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். பொங்கல் முடிஞ்ச கையோட ஆதிமூலமும் போயிட்டார்.”

“பத்திரத்துல கை வெச்சா ஆயுசு கம்மி போல” என்றான் மண்ணாங்கட்டி.

இப்போது 2001 ஆடி மாதம். ஒன்றரை வருஷம் பீடத்துப் பெட்டியில் தூங்கிய பத்திரம் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, ஆதிமூலத்தின் மனைவி பச்சையம்மாளை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது. வியாழக்கிழமை தாசில்தார் முன்னிலையில் விசாரணை. நாலு மூலைக்கும் டிகிரி, நிமிடம், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் என்று எழுதியிருந்த அந்தப் பத்திரத்தைப் பார்த்த தாசில்தாருக்குத் தலை சுற்றியது. தாலுகா சர்வேயரைக் கேட்டார். “சங்கிலி குடுங்க, அளக்கிறேன். சாட்டிலைட் நம்ம லிமிட்ல வராது சார்” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அளவு தெரிந்த வெளியாள் யாராவது இந்த நம்பர்களைச் சரிபார்த்துச் சான்று தரட்டும் என்று முடிவாயிற்று.

சந்திரகலா அளவு தெரிந்தவள். தனியார் நில அளவைக் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் வரைபடம் போட்டவள். நிலத்தை அளந்து அலுத்துப்போய், நாற்பத்தைந்தாவது வயதில் மனிதர்களை அளக்கலாம் என்று இந்தப் பலகையை மாட்டினாள். இதுவரை வந்தவை பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைகள். ஆட்டோவை விற்றுவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த மண்ணாங்கட்டியின் கணக்குப்படி, அவள் இதுவரை பதினேழு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள்.

சரவணகுமார் பையிலிருந்து மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார். சோப்புப் பெட்டி அளவு, சாம்பல் நிறம், நெற்றியில் சந்தனம், குங்குமம்.

“ஹென்ட்ரிக் சாமி பீடத்துக்கே குடுத்துட்டுப் போனது. சாட்டிலைட்டுங்க எல்லாம் இந்தக் காலத்து ரிஷிகள்னு எங்க சாமி சொல்வார். மேல இருந்து பார்க்கிறாங்க. பொய் சொல்ல மாட்டாங்க.”

சந்திரகலா பத்திரத்தை இரண்டு தடவை படித்தாள். அளந்த நேரம்கூட எழுதியிருந்தது. காலை 7.10, 7.16, 7.22, 7.29.

“சரி, பார்த்துச் சொல்றேன்” என்றாள்.

மண்ணாங்கட்டிக்கு அதிர்ச்சி. அவனுக்கும் அடி அண்ணாமலைதான். பச்சையம்மாள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே நாலு வீடுகள்தான். அவன் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். சரவணகுமார் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கேட்டான். “மேடம், இது நம்ம சித்தி வூடு. அந்தாளுக்கா வேலை செய்யப் போறோம்?”

“அளக்கத்தானே கூப்பிடறாங்க? அளப்போம்.”

*

மறுநாள் காலையில் மலையின் மேற்கு முகம் வெயில் படாமல் நீலமாக இருந்தது. பச்சையம்மாளின் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி முழங்கால் அளவு நின்றது. சுற்றிலும் முள்வேலி. வேலிக்குள் ஒரு செவலை நாய். அந்த நாய்க்கு வீட்டாரைத் தவிர உலகத்தில் எல்லோரும் எதிரி. மண்ணாங்கட்டியின் கெண்டைக்காலில் அது இரண்டு தடவை பல் வைத்திருக்கிறது.

பச்சையம்மாளின் மகன் செழியன் நாயைப் பிடித்துக் கட்டினான். இருபத்தாறு வயது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுக் கையெழுத்தே அழகாகிவிட்ட பையன். “வாங்க மேடம்” என்றவன், மெஷினைப் பார்த்ததும் பார்வையை மலைக்கு மாற்றிக்கொண்டான்.

பச்சையம்மாள் வீட்டு வாசலில் நின்று, “இன்னாடா மண்ணாங்கட்டி, எந்தூட்டை அளக்க நீதான் ஆளைக் கூட்டிக்கினு வந்தியா?” என்றாள்.

“அளக்கத்தான் சித்தி, எடுத்துக்கினு போக இல்ல.”

“போறவன் மொதல்ல அளந்துட்டுத்தாண்டா போவான்.”

மெஷின் வானத்தைத் தேடி விழித்துக்கொண்டிருந்தது. “இது இன்னா மேடம் பண்ணுது?” என்று பேச்சை மாற்றினான்.

“மேல இருக்கிற சாட்டிலைட் ஒவ்வொண்ணும் ‘இப்ப மணி இவ்வளவு’ன்னு கத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தம் இங்க வர எவ்வளவு லேட்டாச்சுன்னு பார்த்து, இது தூரத்தைக் கணக்குப் போடும். நாலு பேர் கத்தினா நாம நிக்கிற இடம் தெரிஞ்சுடும்.”

“எங்கூட்லயும் காலைல நாலு பேரு கத்துறாங்க. நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியல.”

முதல் மூலைக் கல்லின் மேல் மெஷினை வைத்தாள். திரையில் வந்த நம்பரையும் பத்திரத்து நம்பரையும் கழித்தாள். நாலு மீட்டர் வித்தியாசம். இரண்டாவது மூலை, மூன்று மீட்டர். மூன்றாவது, ஐந்து. அந்த மெஷினுக்கு அது துல்லியம்தான். மண்ணாங்கட்டியோ, சித்தி கதை முடிந்தது என்று நினைத்தான்.

நாலாவது, வடகிழக்கு மூலை. கல்லை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை. ‘ஆதிமூலம், தோற்றம், மறைவு’ என்று பெயின்ட் எழுத்து. தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி. சந்திரகலா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையோரம் உட்கார்ந்து மெஷினைக் கல்லில் வைத்தாள்.

பதினாறு மீட்டர்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். பதினைந்து. பத்து நிமிஷம் கழித்து மூன்றாம் தடவை பார்த்தாள். பதினாறு.

“மூணு மூலைக்கு நல்லா வேலை செஞ்சுட்டு நாலாவதுக்கு டீ குடிக்கப் போயிடுச்சா?” என்றான் மண்ணாங்கட்டி, கொஞ்சம் தெம்பு வந்தவனாக.

சந்திரகலா எழுந்து திரையைப் பார்த்தபடியே நடந்தாள். பத்திரத்து நம்பர் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டு போகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. கிணற்றைச் சுற்றி, மோட்டார் ரூமின் பின்பக்கம் போய் நின்றாள். அங்கேதான் நம்பர் சேர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மண்ணாங்கட்டியும் பார்த்தான். மோட்டார் ரூம் சுவர் மறைத்தது. அங்கிருந்து சமாதி தெரியவில்லை.

*

ஹென்ட்ரிக் தங்கியிருந்த அறை செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் தேடி வரும் ஒரு பழைய ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ராஜம்மாள் வீட்டு மாடியில் இருந்தது. ராஜம்மாள் பதினைந்து வருஷமாக வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறாள். அவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. ஞானம் கிடைத்த பிறகும் குழாயை மூட மறக்கிறார்கள்.

“ஹென்ட்ரிக் நல்ல மனுஷன்மா. சாமியாரு, தியானம் எதுவும் கெடையாது. சும்மா மலையைச் சுத்தி அளந்துக்கினே இருப்பாரு. பாதை பதினாலு கிலோமீட்டரா, பதிமூணு சொச்சமான்னு அவருக்கு ஒரே கவலை.”

“பீடத்துக்குப் போவாரா?”

“ஒரு தபா போனாரு. அந்தச் சாமி இவரைக் கட்டிப்பிடிச்சு அழுதாராம். அதுக்கப்புறம் போகல. அவரு செத்தப்போ அந்தச் செயலாளரு வந்து, பூஜை பண்ணணும்னு மெஷினை மட்டும் எடுத்துக்கினு போனாரு. பொட்டியெல்லாம் அவங்க ஊருக்குப் போயிடுச்சு. ஒரு நோட்டு மட்டும் எங்கிட்ட கீது. கட்டம் போட்ட நல்ல பேப்பரு, கோலம் எழுதி வெக்க வாகா இருந்துச்சு.”

கொண்டு வந்து கொடுத்தாள். பின்பாதி முழுக்க ராஜம்மாளின் மார்கழிக் கோலங்கள். முன்பாதியில், ஒவ்வொரு பக்கத்திலும் மாதத்தின் பெயர், நடுவில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி நீல மையில் புள்ளிகள். சில பக்கத்தில், சில தூரத்தில், ஒழுங்கே இல்லாமல் இறைந்து கிடந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் அருகே தேதி, நேரம்.

“தெனம் காலைல அந்த ஜன்னல் மேல மெஷினை வெச்சு ஒரு புள்ளி வெப்பாரு. ஒரு வருசமா வெச்சாரு. ஒரு கோலம்கூட உருப்படியா வரல” என்றாள் ராஜம்மாள் வருத்தத்தோடு.

பக்கத்தின் ஓரத்தில், ஒரு கட்டத்துக்குப் பத்து மீட்டர் என்று எழுதியிருந்தது. சந்திரகலா விரலால் கட்டங்களை எண்ணினாள். பெருக்கல் குறியிலிருந்து சில புள்ளிகள் மூன்று கட்டம், சில ஐந்து, ஒன்று பத்து கட்டம் தள்ளி.

“ஜன்னல் அப்படியேதானே இருந்துச்சு?”

“ஜன்னல் எங்கம்மா போகும்!”

சந்திரகலா நவம்பர் பக்கத்தைத் திருப்பினாள். பதினாலாம் தேதிக்கும் ஒரு புள்ளி இருந்தது. ஆறு கட்டம் தள்ளி. எழுதியிருந்த நேரம் காலை 7.20.

மண்ணாங்கட்டி பத்திரத்து நேரங்களை நினைத்துப் பார்த்தான். “மேடம்! அதே நாள் ஏழு இருபதுக்கு அவரு அடி அண்ணாமலைல அளந்துக்கினு இருந்தாரே?”

“எழுதினவர் கடிகாரம் தப்புன்னு சொல்லிடுவாங்க. இது மட்டும் போதாது” என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

எதிர்ச்சாரியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் போனவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் மூன்று பிரிண்ட் அவுட் தாள்கள், முகத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருப்பதைக் கண்டுபிடித்த களை.

“இன்னா மேடம்?”

“நாளைக்கு சர்ட்டிஃபிகேட் அடிக்கணும். நம்பரெல்லாம் சரியா இருக்குன்னு.”

*

அடித்தாள். ‘பத்திரத்தில் உள்ள அளவுகள் துல்லியமானவை. மூன்று மூலைகளில் வித்தியாசம் ஐந்து மீட்டருக்கு மிகவில்லை’ என்று முதல் பத்தி. ‘இவை 14-11-1999 காலை 7.10 முதல் 7.29 வரை, இதே கருவியால், என் கண் முன்னால் எடுக்கப்பட்டவை. பிறகு யாரும் எந்த எண்ணையும் திருத்தவில்லை’ என்று இரண்டாவது பத்தி. இரண்டாவது பத்தியின் கீழே சரவணகுமார் கையெழுத்துப் போட வேண்டும்.

சரவணகுமார் கண்கள் பனிக்கப் படித்தார். “நாலாவது மூலை?”

“அதைத் தனியாக் குறிச்சிருக்கேன். பதினாறு மீட்டர்.”

“ஏதாவது மேகம் மறைச்சிருக்கும்” என்று தாராளமாக மன்னித்துவிட்டுக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டாள் சந்திரகலா. அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாகத் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டான்.

அன்று சாயங்காலம் அடி அண்ணாமலை பஸ்ஸில் இருந்து இறங்கியபோது பச்சையம்மாள் எதிரே வந்தாள். தலையில் புல்லுக்கட்டு.

“சர்ட்டிபிகேட்டுல உங்கையெழுத்தும் கீதாமே? எல்லா நம்பரும் கரெக்டுன்னு. நல்லா வந்துச்சா கையெழுத்து?”

அவன் நின்ற இடத்திலேயே குறுகிப்போனான். பிறகுதான் ஒன்று உறைத்தது. கையெழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அறையில் இருந்தது மூன்றே பேர்.

“யாரு சித்தி சொன்னது?”

“செழியந்தான் சொன்னான். இனிமே பேசிப் பிரயோஜனமில்ல, குடுக்கிறதை வாங்கிக்கினு போயிடலாம்மான்றான்.”

முக்குக் கடைக்கு ஓடிப்போய் ஒரு ரூபாய் போனில் சந்திரகலாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

“அவனா இருக்கக் கூடாதேன்னு நினைச்சேன்” என்றாள் சந்திரகலா.

*

வியாழக்கிழமை. தாலுகா ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே தாசில்தார், வலது பக்கம் காவியில் சரவணகுமார், இடது பக்கம் பச்சையம்மாளும் அவளை டி.வி.எஸ்ஸில் அழைத்து வந்த செழியனும். பீடத்துத் தலைவர் ஆகாயானந்த சாமி வரவில்லை. வியாழக்கிழமை அவருக்கு மௌன விரதம். விசாரணை தேதி குறித்த பிறகுதான் அந்த விரதம் வியாழக்கிழமைக்கு மாறியது என்று மண்ணாங்கட்டி கேள்விப்பட்டிருந்தான்.

தாசில்தார் சான்றிதழைப் படித்து முடித்தார். “ஆக, அளவு எல்லாம் கரெக்ட்?”

“ரொம்பக் கரெக்ட் சார்” என்றாள் சந்திரகலா.

“அப்புறம் என்ன? சாட்டிலைட்டே சொல்லிடுச்சு.” அவர் பேனாவைத் திறந்தார்.

பச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அதனாலதான் சார் பத்திரம் பொய்” என்றாள் சந்திரகலா.

பேனா அந்தரத்தில் நின்றது. சரவணகுமார் முதல் மூச்சை விட்டார்.

சந்திரகலா நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். “இது ஹென்ட்ரிக் நோட்டு. தொண்ணூத்தொம்பது முழுக்க, அசையாத ஒரே ஜன்னல்ல, இதே மெஷினை வெச்சு தினமும் எடுத்த அளவு. பாருங்க, ஜன்னல் எப்படி ஆடுது. ஒரு நாள் ராஜம்மாள் வீட்டுல இருக்கு, ஒரு நாள் பக்கத்துத் தெருவுல, ஒரு நாள் செங்கம் ரோட்டைத் தாண்டி. சில நாள் நூறு மீட்டர் வரைக்கும் தப்பு.”

“மெஷின் ரிப்பேரா?”

“இல்ல சார். சாட்டிலைட்டை விட்டது அமெரிக்க ராணுவம். அவங்களுக்கு மட்டும் சரியான இடம் தெரியணும், ஊர் உலகத்துக்குக் கொஞ்சம் தப்பாத் தெரியணும்னு, வேணும்னே அதுல பொய்யைக் கலந்து அனுப்பினாங்க. ரெண்டாயிரம் மே ரெண்டாம் தேதி, நம்ம நேரம் காலைல ஒம்பதரைக்கு அந்தப் பொய்யை நிறுத்திட்டாங்க. அன்னைலேர்ந்துதான் இந்தச் சோப்பு டப்பாக்கள் எல்லாம் உண்மை பேசுது. இதோ அவங்க வெளியிட்ட அறிவிப்பு.” மூன்று தாள்களையும் நீட்டினாள்.

தாசில்தார் படித்தார். “பொய்யைக் கலந்தா அனுப்பினாங்க? எல்லாருக்கும் ஒரே மாதிரி?”

“பாரபட்சமே இல்லாம சார்” என்றான் மண்ணாங்கட்டி. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப் போனதில் அவனுக்கு வாய் திறந்துகொண்டது. “ரிஷிங்களே ஆர்டர் வந்தாத்தான் உண்மை பேசுவாங்களாம்.”

சந்திரகலா தொடர்ந்தாள். “இந்தப் பத்திரம் நவம்பர் தொண்ணூத்தொம்பதுல எழுதினதா இருந்தா, நாலு மூலையும் ஆளுக்கொரு பக்கம் முப்பது, அம்பது மீட்டர் ஓடியிருக்கணும். ஒரு மூலை கிணத்துக்குள்ள விழுந்திருக்கும். அப்படி விழுந்திருந்தா நானே இது நிஜம்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். மூணு மூலை அஞ்சு மீட்டருக்குள்ள வந்து உக்காந்திருக்கு. அந்த வருஷத்துல அது நடக்காது. ஹென்ட்ரிக் செத்து அஞ்சு மாசம் கழிச்சுத்தான் இந்த மெஷினுக்கு இவ்வளவு சரியாச் சொல்ற யோக்கியதை வந்துச்சு.”

சரவணகுமார் இரண்டாவது மூச்சை விட்டார். “ரொம்ப நேரம் வெச்சுச் சராசரி எடுத்தா சரியா வருமே மேடம். ஹென்ட்ரிக் சாமி பொறுமைசாலி.”

“வரும். மணிக்கணக்கா ஒரே இடத்துல வெச்சிருந்தா ஓரளவு வரும். ஆனா ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவுல ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம்தான். நான் சொல்லல, நீங்களே உங்க கண் முன்னால நடந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

சரவணகுமார் மூன்றாவது மூச்சை விட மறந்தார். சான்றிதழின் இரண்டாவது பத்தியைத் தாசில்தார் விரல் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. சாட்டிலைட் விவகாரம் கடைசியில் போர்ஜரி விவகாரமாகிவிட்டது. போர்ஜரி அவருடைய லிமிட்டில் வரும்.

“என்னய்யா இது?” என்றார்.

“சார், சத்தியமா நான் அளக்கல!” காவிக்குள்ளிருந்து ஒரு சாதாரண மனிதன் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

“தெரியும்” என்றாள் சந்திரகலா. “நீங்க அந்த வேலிக்குள்ள போயிருந்தா நாய் விட்டிருக்காது.”

அவள் பச்சையம்மாளைப் பார்த்தாள். அதற்கு மேல் சொல்லவேண்டாம் என்று நினைத்தவள் போல ஒரு கணம் நோட்டை மூடினாள். பிறகு தாசில்தாரிடம், மெதுவாகவே பேசினாள்.

“நாலாவது மூலை சார். அது மட்டும் பதினாறு மீட்டர் தப்பு. மெஷின் தப்புன்னு நினைச்சு மூணு தடவை பார்த்தேன், மெஷின் ஆடவே இல்ல. அளந்தவர் அந்தக் கல்லுக்குப் போகல. மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நின்னு நம்பர் எடுத்துட்டார். கல்லுக்குப் பக்கத்துல ஆதிமூலத்தோட சமாதி இருக்கு. தொண்ணூத்தொம்பது நவம்பர்ல அந்த மூலையில ஒண்ணுமே கிடையாது, ஆதிமூலம் உயிரோட இருந்தார். அப்ப வந்தவர் யாரா இருந்தாலும் நேராக் கல்லுகிட்டப் போயிருப்பார். அப்புறமா வந்தவரும், வெளியாளா இருந்தா, சமாதி மேல ஏறிக்கூட நின்னிருப்பார். அந்த மேடையைப் பார்த்ததும் கால் வராம, அது கண்ணுல படாத இடமாத் தேடிப் போய் ஒளிஞ்சுக்கிட்டவர்...”

செழியன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஹாலந்துல பீடத்துக்குக் கிளை ஆரம்பிக்கப் போறோம், மேனேஜரா அனுப்பறோம்னு சொன்னாங்க” என்றான். குரல் தரையைப் பார்த்தே வந்தது. “விசாவுக்குப் பேப்பரெல்லாம் ரெடியாயிடுச்சுன்னாங்க.”

“ஹாலந்துல கிளை எங்க இருக்கு?” என்று தாசில்தார் சரவணகுமாரைக் கேட்டார்.

“சாமி ஞான திருஷ்டியில பார்த்தார் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மண்ணாங்கட்டி எதிர்பார்த்தான். அவள் மகன் பக்கம் திரும்பி, சந்தேகம் கேட்பவள் போலக் கேட்டாள்.

“நாய் கொலைச்சுதாடா?”

“இல்லம்மா. வாலை ஆட்டிக்கிட்டுக் கூடவே வந்துச்சு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தாசில்தார் தொண்டையைக் கனைத்தார். பீடத்து மனுவைத் தள்ளுபடி செய்வதாகவும், பத்திரத்தைப் போலீஸுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அம்மா, புகார் நீங்கதான் தரணும். செயலாளர் பேரு போட்டுக்கறேன். பையன் பேரையும்...? உங்க இஷ்டம்தான். யோசிச்சுச் சொல்லுங்க.”

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் யோசித்தாள்.

“போடுங்க” என்றாள். “அவங்கப்பா எழுத்தையும் முன்னால சேத்துப் போடுங்க. ஆ. செழியன்.”

குமாஸ்தா எழுதினார். எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் திருப்பி, பழக்கத்தில் மை டப்பாவையும் கூடவே நகர்த்தி வைத்தார்.

பச்சையம்மாள் மை டப்பாவை ஒதுக்கினாள். “கையெழுத்துப் போடுவேன். இவன் ஏழாவது படிக்கிறப்போ கத்துக் குடுத்தான்.”

பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். ‘சை’ எழுதும்போது கொம்பு கோணிக்கொண்டது. நிறுத்தினாள், நிமிராமலே, “இது எந்தப் பக்கம்டா வரும்?” என்று கேட்டாள்.

செழியன் சுவரை விட்டு வந்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று, விரலால் காட்டினான்.

“இந்தப் பக்கம்மா.”

அவள் அந்தப் பக்கம் எழுதினாள்.